ஆளுக்கு ஒரு முகம், ஆளுக்குக் கொஞ்சம் மண்

உள்ளங்காலிலிருந்து கண்வரை 28 மில்லிமீட்டர். நம் கட்டைவிரலின் மேல் கணு அளவுதான் உயரம். அதற்குள் ஒரு முழுச் சிப்பாய் இருக்கிறான். தலையில் உயரமான தொப்பி, மார்பில் குறுக்காக இரண்டு வெள்ளைப் பட்டைகள், முதுகில் பை, பையின் மேல் சுருட்டி வைத்த கம்பளி, தோளில் துப்பாக்கி, கோட்டில் வரிசையாகப் பொத்தான்கள். பொத்தான் ஒவ்வொன்றும் கசகசாவைவிடச் சிறியது.

அந்தப் பொத்தானுக்கு வண்ணம் வைப்பதற்காகவே, பிரிட்டனில் பல வீடுகளில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு ஆட்கள் உட்காருகிறார்கள். பள்ளி ஆசிரியர் இருப்பார், லாரி ஓட்டுநர் இருப்பார், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தாத்தாவும் இருப்பார். இவர்களுடைய பொழுதுபோக்குக்கு வார்கேமிங் என்று பெயர். ஆறடிக்கு நான்கடி மேசையில் குன்றும் சாலையும் பண்ணைவீடும் அமைத்து, இரண்டு பக்கமும் பொம்மைப் படைகளை நிறுத்தி, அளவுநாடாவும் தாயக்கட்டையும் வைத்து ஒரு போரை ஆடிப் பார்ப்பது.

இதன் மூதாதை நமக்குத் தெரிந்த ஆட்டம்தான். யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படையை ஒரு பலகைக்குள் அடக்கிய சதுரங்கம் ஐரோப்பாவுக்குப் போனது. 1780-ல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரத்தில் ஹெல்விக் என்ற ஆசிரியர் அதையே விரித்து, கட்டங்களில் காடும் ஆறும் சேர்த்து ஒரு போர் ஆட்டம் செய்தார். 1812-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி, மலையும் ஓடையும் புடைப்பாக வார்த்த சிறுசிறு துண்டுகளைச் சேர்த்து நிலப்பரப்பு அமைக்கும் ஒரு மேசையையே செய்து அரசருக்குக் கொடுத்தார். 1824-ல் அவருடைய மகன் அதற்கு முறையான விதிகளை எழுத, பிரஷ்ய ராணுவம் அதைப் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டது. அங்கிருந்து அது வீட்டு மேசைக்கு இறங்கி வந்தது.

இன்று இது சின்ன விஷயமில்லை. 'வார்ஹாம்மர்' என்ற கற்பனைப் போர் ஆட்டத்தையும் அதன் பொம்மைகளையும் விற்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம், 1975-ல் லண்டனில் மூன்று நண்பர்கள் ஆரம்பித்தது. நாட்டிங்ஹாமைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனம் 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு நிறுவனங்கள் பட்டியலில் இடம்பிடித்தது. சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் ஓய்வுநேரத்தில் இந்தப் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறவர். அவருக்குப் பல காலம் முன்பே, திரையில் டிராகுலாவை வேட்டையாடிய பீட்டர் குஷிங் தன் வீட்டுத் தரையில் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடியதை 1956-ல் செய்திப்படமாகவே எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் ஆடும் நேரத்தைவிட ஆட்டத்துக்குத் தயாராகும் நேரம்தான் அதிகம். ஒரு போர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் முடிந்துவிடும். அதற்கான படையைத் தயார் செய்ய ஒரு வருடம் ஆகலாம், ஐந்து வருடமும் ஆகலாம்.

வாட்டர்லூ போரையே எடுத்துக்கொள்வோம். 1815 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. பெல்ஜியத்தில் ஒரு சின்ன மேட்டில் நெப்போலியனின் படையும் வெலிங்டனின் படையும் மோதிக்கொண்ட நாள். சாயங்காலம் பிரஷ்யப் படையும் வந்து சேர, நெப்போலியனின் கதை முடிந்தது. ஒரே நாளில் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். வார்கேமர்கள் அதிகம் ஆடும் போர்களில் இதுவும் ஒன்று.

பொதுவான ஒரு கணக்கு, 20 சிப்பாய்களுக்கு ஒரு பொம்மை. 600 பேர் கொண்ட பட்டாளத்துக்கு 30 பொம்மைகள். ஒரு பொம்மைக்கு அரை மணி நேரம் என்றாலும் ஒரு பட்டாளத்துக்கே 15 மணி நேரம். இப்படி எத்தனையோ பட்டாளங்கள், பிறகு குதிரைப்படை, பீரங்கிகள்.

பொம்மைகள் பிளாஸ்டிக் சட்டத்தில் காய்த்துத் தொங்குவதுபோல ஒட்டிக்கொண்டு வரும். கை தனி, தலை தனி. வெட்டியெடுத்து, அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் ஓடும் மெல்லிய கோட்டைக் கத்தியால் சுரண்ட வேண்டும். சுரண்டாமல் விட்டால் வண்ணம் ஏறியதும் அந்தக் கோடு முகத்தில் தழும்புபோலக் காட்டிக்கொடுக்கும். ஒட்டி, காயவைத்து, வண்ணம் பிடிப்பதற்காகக் கறுப்போ சாம்பலோ அடிப்பூச்சு அடித்தால், முப்பது பேரும் ஒரே நிறத்தில், நிழல்களைப்போல வரிசையாக நிற்பார்கள்.

அதன் பிறகு தூரிகை. நல்ல தூரிகை சைபீரியப் பக்கத்து மரநாய் இனம் ஒன்றின் வால் முடியில் செய்வது, கோலின்ஸ்கி என்பார்கள். நனைத்தால் நுனி ஊசிபோலக் கூடும். 1866-ல் விக்டோரியா மகாராணி தனக்கென்று ஒரு லண்டன் கடையில் சொல்லிச் செய்யவைத்த தூரிகை வகை இன்றும் அதே 'சீரிஸ் 7' என்ற பெயரில் விற்கிறது. ராணியின் நீர்வண்ண ஓவியங்களுக்கென்று செய்த தூரிகை, இப்போது பொம்மைச் சிப்பாயின் காலர் ஓரத்துக்கும் உதவுகிறது.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம், வண்ணத்தில் தண்ணீர் கலந்து மெல்லிசாக இரண்டு தடவை பூசு என்பது. அவசரப்பட்டு ஒரே தடவையில் கெட்டியாக அப்பினால் பொத்தான், மடிப்பு, மூக்கு எல்லாம் மூழ்கிவிடும். இரண்டாவது பாடம், 'வாஷ்'. கறுப்போ பழுப்போ கலந்த தண்ணியான வண்ணத்தைப் பொம்மை முழுக்க விட்டால் அது தானாகவே பள்ளங்களில் போய்த் தங்கிக்கொள்ளும். துணி மடிப்பில் நிழல் விழும், விரல்கள் பிரிந்து தெரியும். அதுவரை பிளாஸ்டிக்காக இருந்தவன் அந்த ஐந்து நிமிஷத்தில் ஆளாகிவிடுவான்.

மூன்றாவது பாடம்தான் விசித்திரமானது. மூன்றடி தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாக இருந்தால் போதும் என்பது. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் அவ்வளவு தூரத்திலிருந்துதானே பார்க்கப்போகிறார். அங்கிருந்து கண் தெரியாது, காலர் ஓரம் தெரியாது. சிவப்பு வரிசையும் நீல வரிசையும்தான் தெரியும்.

இது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனாலும் அதை மீறாதவர் அபூர்வம். முகம் என்று வந்துவிட்டால் மூன்றடி விதி மறந்துபோகும். கண் வைப்பதா வேண்டாமா என்பதற்கே இரண்டு கட்சி உண்டு. வைத்தால் பெரும்பாலும் பேயைப் பார்த்தவன்போல முழிப்பான். வைக்காவிட்டால் புருவத்தின் நிழல் மட்டும் இருக்கும், அதுவே போதும் என்பது ஒரு கட்சி. இன்னொரு கட்சி, முதலில் கண்ணில் ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் ஒரு கரும்புள்ளி, பிறகு மிச்சம் மீதியைத் தோல் நிறத்தால் மூடிச் சரிசெய்து, எப்படியாவது அவனைப் பார்க்கவைத்துவிடும்.

ஒரே அச்சில் வார்த்த முகங்கள்தான். ஆனாலும் ஒருவனுக்குக் கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு கூடிப்போகும், இவன் குடிகாரன் என்று தோன்றும். ஒருவனுக்குத் தாடி நிழல், ஒருவனுக்கு நரைத்த கிருதா. நான்காவது வரிசை இடது கோடியில் இருப்பவன் சின்னப் பையன், வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறான் என்று தோன்றும். தாயக்கட்டை தப்பாக விழுந்து அவனை மேசையிலிருந்து எடுக்கும்போது மனசு ஒரு கணம் சுருக்கென்கும். வெளியே சொல்ல வெட்கம், எல்லோருக்கும் நடப்பதுதான்.

பொம்மைச் சிப்பாய்க்குப் பேர் வைப்பது பழைய பழக்கம். வாட்டர்லூ முடிந்து 11 வருடம் கழித்து, 1826 ஜூனில், யார்க்‌ஷர் மலைக்கிராமமான ஹாவர்த்தில் இருந்த ஒரு பாதிரியார், மகனுக்கென்று ஒரு டஜன் மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். நான்கு குழந்தைகளும் ஆளுக்கொன்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். பத்து வயதுப் பெண் தன்னுடையவனுக்கு வெலிங்டன் என்று பேர் வைத்தாள். எட்டு வயதுப் பையன் போனபார்ட் என்று வைத்தான். அந்தச் சிப்பாய்களுக்கு ஒரு நாட்டை உண்டாக்கி, அவர்கள் கைக்கு அடக்கமாகத் தீப்பெட்டி அளவில் புத்தகங்கள் எழுதித் தைத்தார்கள் அந்தக் குழந்தைகள். பத்து வயதுப் பெண் சார்லட் பிரான்டே. பின்னாளில் 'ஜேன் அயர்' எழுதினார். தங்கை எமிலி 'உதரிங் ஹைட்ஸ்' எழுதினார். ஒரு சிப்பாயைக் கையில் எடுத்து இவன் யார் என்று கேட்டதில் தொடங்கியது அவ்வளவும்.

முகம் முடிந்தால் வேலை முடிந்தது என்று வெளியாட்கள் நினைப்பார்கள். இல்லை. காலடியில் மண் வேண்டும்.

பொம்மையின் அடியில் ஒரு தட்டு இருக்கும். தனி ஆள் என்றால் 25 மில்லிமீட்டர் வட்டம். நெப்போலியன் காலத்துப் படை என்றால் நான்கைந்து பேரை ஒரே சதுரத் தட்டில் ஒட்டுவது வழக்கம், வரிசையாக நகர்த்தச் சௌகரியம். வெறும் தட்டில் நிற்கிறவன் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடை அலமாரியில் நிற்பவன்தான். தட்டில் மண் போட்டதும்தான் ஓர் இடத்தில் நிற்கிறான்.

வீட்டுக்காரர்களுக்கும் இந்தப் பொழுதுபோக்குக்கும் சண்டை வருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். குடித்து முடித்த தேயிலையைக் கழுவி ஜன்னலோரம் காயவைப்பார்கள். காட்டுத் தரைக்கு ஆகும். பூனைக்கு மலத்தொட்டியில் கொட்டும் களிமண் கட்டிகள் குறையும். உடைந்த பாறைக்கு ஆகும். ஒயின் பாட்டில் தக்கையைத் தூக்கிப் போடவிட மாட்டார்கள், அதுவும் பாறைதான். பிர்ச் மரத்தின் கதிரை உதிர்த்தால் விழும் விதைச் செதில்கள் அச்சு அசல் சருகுபோல இருக்கும் என்று, நடைப்பயிற்சிக்குப் போனவர் பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வருவார்.

தட்டில் வெள்ளைப் பசையைத் தடவி மணலில் முக்கி எடுக்க வேண்டும். காய்ந்ததும் கரும்பழுப்பு அடித்து, அதற்குமேல் கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையால் வெளிர்பழுப்பை லேசாக இழுத்தால் மணலின் மேடுகள் மட்டும் வெளுத்துக்கொள்ளும். பிறகு புல். நைலான் நார்தான் புல். நிலைமின்சாரம் ஏற்றும் ஒரு கருவியில் போட்டு உதறினால் நார்கள் பசையில் செங்குத்தாக நட்டுக்கொண்டு நிற்கும். கடைசியாகத் தட்டின் விளிம்பைத் துடைத்துப் பழுப்பு பூசினால் முடிந்தது.

எந்த மண், எந்தப் புல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வாட்டர்லூவுக்கு முந்தின ராத்திரி முழுக்க அடைமழை. ஆட்கள் சேற்றிலேயே படுத்து எழுந்தார்கள். தரை கொஞ்சம் இறுகட்டும் என்று நெப்போலியன் தாக்குதலைக் காலையில் தள்ளிப்போட்டதாகச் சொல்வார்கள். வயல்களில் ரை பயிர் ஆளுயரத்துக்கு நின்றது. இதையெல்லாம் படித்தவர் பளிச்சென்று பச்சைப் புல்லும் வெள்ளைக் கால்சட்டையுமாகச் சிப்பாயை நிறுத்த மாட்டார். முழங்கால்வரை சேறு பூசுவார். காலடியில் மிதிபட்ட வைக்கோல் நிறம் வைப்பார். இரண்டு மணி நேரம் பாடுபட்டு வெளுத்த கால்சட்டையைத் தன் கையாலேயே அழுக்காக்குவதற்கு ஒரு மனசு வேண்டும்.

இந்த மண்ணுக்காக வாழ்க்கையையே கொடுத்த ஒருவர் உண்டு. வில்லியம் சைபோர்ன், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1830-ல் வாட்டர்லூ போர்க்களத்தின் மாதிரி ஒன்றைச் செய்யும்படி அவரிடம் சொன்னார்கள். அவர் நேரே பெல்ஜியம் போய், சண்டை உச்சமாக நடந்த லா ஹே சாந்த் பண்ணைவீட்டிலேயே எட்டு மாதம் தங்கி, மேடு பள்ளம் எல்லாவற்றையும் அளந்தார். பிறகு உயிரோடு இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். அன்றைக்குச் சாயங்காலம் சுமார் ஏழு மணிக்கு உங்கள் பட்டாளம் எங்கே நின்றது, எதிரே யார் இருந்தார்கள், காலடியில் என்ன பயிர் என்று கேட்டார். நூற்றுக்கணக்கில் பதில்கள் வந்தன.

நடுவில் அரசு மாறி, பணம் நின்றுபோனது. சைபோர்ன் கடன் வாங்கி வேலையைத் தொடர்ந்தார். 1838-ல் லண்டனில் மாதிரி காட்சிக்கு வந்தது. இரண்டு சிப்பாய்களுக்கு ஒன்று என்ற கணக்கில் 70 ஆயிரத்துக்கும் அதிகமான ஈயப் பொம்மைகள். சனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஆனால் வெலிங்டனுக்குப் பிடிக்கவில்லை. கேட்டுக் கேட்டு வைத்த இடங்களின்படி பார்த்தால், அந்த நேரத்தில் பிரஷ்யப் படை ஏராளமாகக் களத்துக்குள் வந்துவிட்டிருந்தது. வெற்றி யாருடையது என்ற கேள்வி அந்தப் பொம்மைகளின் இடத்தில் இருந்தது. கடைசியில் சைபோர்ன் பிரஷ்யப் பொம்மைகளை ஆயிரக்கணக்கில் எடுத்துவிட்டார். போட்ட பணம் திரும்பாமல், 1849-ல் இறந்தார். அந்த மாதிரி இன்றும் லண்டன் செல்சியாவில், தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பொம்மையை எங்கே நிறுத்துவது என்பது வெறும் விளையாட்டு இல்லை என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. வளர்ந்த மனிதர்கள் உட்கார்ந்து போரை இப்படி அழகு பார்ப்பது சரியா? வீட்டில் பேரப்பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது?

எச்.ஜி.வெல்ஸ் ஒரு பதில் வைத்திருந்தார். காலயந்திரக் கதை எழுதிய அதே வெல்ஸ்தான். ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் ஈயச் சிப்பாய்களைச் சுட்டு விழுத்தும் ஆட்டத்துக்கு விதிகள் எழுதி, 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகமாக வெளியிட்டார். அதன் கடைசிப் பகுதியில் அவர் வைத்த வாதம், இந்தச் சின்னப் போரை நாலு தடவை ஆடிப் பார்த்த எவருக்கும், பெரிய போர் எவ்வளவு குளறுபடியான, முட்டாள்தனமான காரியம் என்று விளங்கிவிடும் என்பது. அடுத்த வருடமே முதல் உலகப் போர் வெடித்தது. பொம்மைகளால் அதைத் தடுக்க முடியவில்லை. அது போர்களை ஒழிக்கும் போர் என்று நம்பி அதை ஆதரித்து எழுதியவர்களில் வெல்ஸும் ஒருவர்.

இன்னொரு பதில், 2019 ஜூனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. வாட்டர்லூவை மறுபடி ஆடிப் பார்க்க ஒரு பெரிய ஆட்டம் ஏற்பாடானது. தேவைப்பட்டவை 20 ஆயிரத்துக்கும் அதிகமான 28 மில்லிமீட்டர் சிப்பாய்கள். தனியொருவரால் ஆகிற காரியமா? முன்பின் பார்க்காத தன்னார்வலர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து வண்ணம் பூசி, தட்டில் மண் ஒட்டித் தந்தார்கள். ஆட்டத்தின் நோக்கம், 'வாட்டர்லூ அன்கவர்ட்' என்ற தொண்டு அமைப்புக்கு நிதி திரட்டுவது. இன்றைய போர்களில் உடம்பிலோ மனசிலோ அடிபட்டுத் திரும்பிய சிப்பாய்களை, வாட்டர்லூ களத்தில் அகழாய்வுக்கு அழைத்துப்போகும் அமைப்பு அது. தொல்லியலாளர்களோடு சேர்ந்து மண்ணைச் சுரண்டுவதும் சலிப்பதும் அவர்கள் தேறி வர ஒரு வழி.

அடுத்த மாதமே, வெலிங்டன் படையின் மருத்துவமனையாக இருந்த மோன் சான் ஜான் பண்ணையில் அவர்கள் தோண்டியபோது வெட்டி எடுக்கப்பட்ட கால் எலும்புகள் கிடைத்தன. 2022-ல் அதே இடத்தில் ஒரு முழு எலும்புக்கூடு. செய்தியாகிவிட்டது. ஏனென்றால் அது அவ்வளவு அபூர்வம். ஆயிரமாயிரம் பேர் செத்த அந்தக் களத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் எலும்புக்கூடுகள் அகப்பட்டிருக்கின்றன. மற்றவர்கள் எங்கே? பிற்காலத்தில் குழிகளைத் தோண்டி, எலும்புகளை வயலுக்கு உரமாகவும், பீட்ரூட் சர்க்கரைப் பாகை வெளுக்கும் கரிக்காகவும் விற்றுவிட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விடை.

பேரில்லை, முகமில்லை, ஆறடி மண்ணும் நிலைக்கவில்லை. எந்தத் தளபதியின் குறிப்பிலும் அவர்கள் எண்ணிக்கைதான். 600 பேரில் 400 பேர் மிச்சம் என்று ஒரு வரி.

அந்த வரியில் அடங்கிப்போனவர்களில் 20 பேருக்கு ஒருவனாகவாவது எடுத்து, அரை மணி நேரம் விளக்கடியில் வைத்து, கன்னத்துக்குச் சிவப்பும் காலுக்குச் சேறும் வைக்கும் வேலைக்கு என்ன பேர் சொல்வது என்று அந்த மேசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. தீபாராதனைபோல எதையும் அவர்கள் செய்வதில்லை. ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். தூரிகையைத் தப்பித் தவறித் தேநீரிலேயே கழுவிவிட்டுத் திட்டிக்கொள்வதும் உண்டு. ஆனால் அந்த அரை மணி நேரம், அவர்கள் பார்ப்பது ஒரே ஒரு ஆளை மட்டும்தான்.

பொம்மை விற்கும் நிறுவனங்கள் விழுந்த சிப்பாய்களையும் தனியாக வார்த்து விற்கின்றன. மல்லாந்து கிடப்பவன், குப்புற விழுந்தவன், துப்பாக்கியை ஊன்றி எழப் பார்ப்பவன். ஆட்டத்தில் ஒரு பட்டாளம் எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று காட்ட அவர்களைப் பக்கத்தில் வைப்பார்கள். கணக்குக்குத்தானே, ஒரு காகிதச் சீட்டோ பிளாஸ்டிக் வில்லையோ போதும். விலையும் மிச்சம், நேரமும் மிச்சம். ஆனாலும் பலர் அவர்களை வாங்குகிறார்கள். அவர்களுக்கும் பொத்தானுக்குப் பொத்தான் வண்ணம் வைக்கிறார்கள். குப்புறக் கிடக்கிறவனின் பாதி முகத்துக்கும் நிழல் கொடுக்கிறார்கள். தட்டில் மண் ஒட்டி, அவனைச் சுற்றிலும் புல் நடுகிறார்கள்.